தென் சீனக் கடல் தீர்ப்பு: வல்லரசுப் போட்டியில் சர்வதேச விதிகள் என்ன ஆகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'விதிகள் சார்ந்த உலக ஒழுங்கு தளர்கிறது' என்ற வரியை நாளிதழ்களின் சர்வதேசப் பக்கத்தில் அன்றாடம் பார்க்கிறோம். அதை மொத்தமாகப் பேசினால் கையில் ஒன்றும் தங்காது. அதனால் ஒரே ஒரு கடலையும் ஒரே ஒரு தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு, வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடிய நடுவர் தீர்ப்பாயம் சீனாவுக்கு எதிராக 2016 ஜூலை 12 அன்று வழங்கிய தீர்ப்பு அது.

பிரச்சினை எங்கே, எதைப் பற்றியது?

பிலிப்பைன்ஸின் பெரிய தீவான லூசோனுக்கு மேற்கே சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் ஒரு பவளத் திட்டு இருக்கிறது. பெயர் ஸ்கார்பரோ. பிலிப்பைன்ஸ் மக்கள் அதை பாஹோ தே மசின்லோக் என்கிறார்கள். சீனர்களுக்கு அது ஹுவாங்யான் தீவு. தீவு என்று சொன்னாலும் அலை ஏறும் நேரத்தில் தண்ணீருக்கு மேல் தெரிவது சில பாறைகள் மட்டுமே. ஆனால் அந்தத் திட்டு முக்கோண வடிவில் வளைந்து நடுவில் அமைதியான காயல் ஒன்றை அணைத்திருக்கிறது. புயல் வந்தால் மீனவர்கள் படகை அதற்குள் கொண்டுபோய் ஒதுங்குவார்கள். மீன் வளமும் அதிகம். பிலிப்பைன்ஸ், சீனா, வியட்நாம் என்று மூன்று நாட்டு மீனவர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்தவர்கள்.

1947-இல் அப்போதைய சீன அரசு வெளியிட்ட வரைபடத்தில், தென் சீனக் கடலைச் சுற்றி 11 கோடுகள் போடப்பட்டிருந்தன. பின்னர் அவற்றில் இரண்டு நீக்கப்பட்டன. இதுதான் 'ஒன்பது கோட்டு எல்லை'. 2009 மே மாதம் சீனா இந்த வரைபடத்தை ஐ.நா.வுக்கு அனுப்பிய கடிதத்தோடு இணைத்தது. கடலின் பெரும்பகுதி அந்தக் கோடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. கோடுகளுக்குள் இருப்பது தீவுகளா, மீன்களா, தண்ணீரேதானா, எதற்கு உரிமை கோருகிறோம் என்று சீனா தெளிவாகச் சொன்னதில்லை.

வழக்கு வரைக்கும் போகக் காரணம் என்ன?

2012 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் கடற்படையின் கப்பல் ஒன்று ஸ்கார்பரோவில் எட்டுச் சீன மீன்பிடிப் படகுகளைச் சோதனையிட்டது. உள்ளே ராட்சதச் சிப்பிகள், பவளம், உயிருள்ள சுறாக்கள். மீனவர்களைக் கைது செய்யவிடாமல் சீன அரசுக் கண்காணிப்புக் கப்பல்கள் இடையில் வந்து நின்றன. இரு தரப்பும் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்றன. இரு தரப்பும் விலக வேண்டும் என்று அமெரிக்கா சமரசம் பேசியது. ஜூன் மாதம் பிலிப்பைன்ஸ் கப்பல்கள் விலகின. சீனக் கப்பல்கள் விலகவில்லை. திட்டு அன்று முதல் சீனாவின் கைக்குள் இருக்கிறது.

படை பலத்தில் பிலிப்பைன்ஸால் சீனாவோடு நிற்க முடியாது. பேச்சுவார்த்தையில் ஏமாந்தாகிவிட்டது. மிச்சமிருந்தது சட்டம் ஒன்றுதான். 2013 ஜனவரி 22 அன்று வழக்குத் தொடுத்தார்கள்.

சீனா சம்மதிக்காதபோது அதன் மீது எப்படி வழக்குப் போட முடிந்தது?

முன்கூட்டியே சம்மதித்திருந்ததால்தான். 1982 டிசம்பர் 10 அன்று ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் கடல். 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை மீன், எண்ணெய், எரிவாயு எடுக்கும் தனி உரிமை என்ற கணக்கு அதில்தான் உலகத்துக்கே பொதுவாக வகுக்கப்பட்டது. தகராறு வந்தால் ஒரு தரப்பு மட்டுமே கூட நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்ற ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. 1996-இல் சீனா இதை ஏற்று உறுப்பினரானது.

வேறொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1970-களில் 200 மைல் உரிமைக்காக லத்தீன் அமெரிக்க நாடுகள் போராடியபோது, வல்லரசுகளுக்கு எதிராக அந்தச் சிறிய நாடுகளின் பக்கம் நின்றது சீனா. அன்று சீனா சிறிய நாடுகளுக்குப் பெற்றுத்தர உதவிய அதே உரிமையைத்தான் பிலிப்பைன்ஸ் இன்று கேட்கிறது.

நடுவர்கள் நடுநிலையோடு இருந்தார்களா?

சீனா கேள்வி எழுப்பிய இடம் இது. தனக்கான நடுவரைச் சீனா நியமிக்க மறுத்ததால், விதிப்படி சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் தலைவர் நியமித்தார். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ஜப்பானியரான ஷுன்ஜி யானாய். ஜப்பானியர் தேர்ந்தெடுத்த குழு என்று சீனா குற்றம் சாட்டியது.

ஆனால் ஒரு சம்பவம் என் மனதில் நிற்கிறது. முதலில் குழுவின் தலைவராக நியமிக்கப்பட்டவர் இலங்கையின் மூத்த சட்ட அறிஞர், தூதர் கிறிஸ் பின்டோ. அவருடைய மனைவி பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். அந்த ஒரே காரணத்துக்காக அவர் விலகிக்கொண்டார். எதிர்த்தரப்பு வாசற்படியே ஏறாத வழக்கு. அப்போதும், நாளைக்கு ஒருவர் விரல் நீட்டக்கூடாது என்று ஒரு மனிதர் எழுந்து போகிறார். அவருடைய இடத்துக்குக் கானா நாட்டின் தாமஸ் மென்சா வந்தார். மற்ற நால்வர் ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து, நெதர்லாந்து நாட்டவர்கள்.

2014 டிசம்பரில் சீனா தன் நிலைப்பாட்டை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. தீர்ப்பாயத்துக்கு அதை அனுப்பவில்லை. இருந்தாலும் நடுவர்கள் அதை எடுத்துவைத்து, சீனா நேரில் வந்து வாதிட்டதுபோலவே ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் எழுதினார்கள். பிலிப்பைன்ஸ் வைத்த 15 கோரிக்கைகளில், முதல் கட்டமாக 2015 அக்டோபரில் ஏழு கோரிக்கைகள் மட்டுமே விசாரணைக்கு உரியவை என்று ஏற்றார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவற்றை முழு விசாரணையின்போது முடிவு செய்வதாகத் தள்ளிவைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தவர்கள் செய்கிற வேலை அல்ல அது.

தீர்ப்பு என்னதான் சொன்னது?

ஏறத்தாழ 500 பக்கம். ஐந்து நடுவர்களும் ஒருமனதாகச் சொன்னது. ஒன்பது கோடுகளுக்குள் இருக்கும் வளங்கள் மீது வரலாற்று உரிமை கோரச் சட்டத்தில் அடிப்படை இல்லை என்பது அதன் மையம். பிலிப்பைன்ஸின் 200 மைலுக்குள் மிஸ்சீஃப் திட்டின் மேல் சீனா செயற்கைத் தீவு கட்டியது உரிமை மீறல். ராட்சதச் சிப்பிகளைத் தோண்டுவதற்காகப் படகின் சுழலியை இறக்கிப் பவளத்தை அரைத்தெடுத்தவர்களைச் சீன அரசு தடுக்காமல் விட்டதும் மீறல். ஸ்கார்பரோவில் பிலிப்பைன்ஸ் மீனவர்களைத் தடுத்ததும் மீறல்.

எந்தத் திட்டு யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்ப்பாயம் தொடவே இல்லை. அதற்கு அந்த அதிகாரம் கிடையாது. அதைவிட முக்கியமாக, ஸ்கார்பரோவில் சீன மீனவர்களுக்கும் பாரம்பரிய உரிமை உண்டு என்று தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. நாளைக்கு அந்தத் திட்டு பிலிப்பைன்ஸ் கைக்கு வந்தால், சீன மீனவரை அவர்களும் விரட்ட முடியாது. இந்தத் தீர்ப்பைப் 'பிலிப்பைன்ஸுக்கு வெற்றி' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் தீர்ப்பின் உயிர்நாடியாகத் தெரிகிறது.

தீவுக்கும் பாறைக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

மனிதர் குடியிருக்கவோ, தன் சொந்த வளத்தில் பொருளாதார வாழ்வு நடத்தவோ முடியாத பாறைக்கு 200 மைல் உரிமை கிடையாது, 12 மைல்தான். தென் சீனக் கடலின் ஸ்ப்ராட்லி தீவுக் கூட்டத்தில் இயற்கையாக அமைந்தவற்றுள் மிகப் பெரியது இட்டு அபா. நீளம் சுமார் 1.4 கிலோமீட்டர். அது தைவானின் கையில் இருக்கிறது. அது தீவு என்று தீர்ப்பானால் அதைச் சுற்றி 200 மைல் கிடைக்கும். அதனால் 2016 ஜனவரியில் தைவான் அதிபர் மா யிங்-ஜியோ நேரில் போய் இறங்கினார். மார்ச் மாதம் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை விமானத்தில் கூட்டிப்போனார்கள். கிணற்றுத் தண்ணீர் கொடுத்தார்கள்; அங்கேயே விளைந்த காய்கறி, அங்கேயே வளர்த்த கோழியில் விருந்து வைத்தார்கள். ஒரு வேளைச் சாப்பாடு கடல் எல்லைக்குச் சாட்சியானது.

தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அரசு சம்பளத்தில், வெளியிலிருந்து வரும் பொருளை நம்பிக் காவலர்கள் தங்கியிருப்பது குடியிருப்பு ஆகாது. ஒரு மக்கள் கூட்டம் அதைத் தன் ஊராகக் கொண்டு வாழ்ந்த வரலாறு வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஸ்ப்ராட்லியில் எதுவுமே முழுத் தீவு அல்ல என்று ஆயிற்று.

சட்ட அறிஞர்கள் சிலர் இந்த அளவுகோல் மிகக் கடுமையானது என்கிறார்கள். நியாயமான விமர்சனம்தான். இதே அளவுகோலை வைத்தால் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான் போன்ற நாடுகள் ஆளில்லாத சில திட்டுகளைச் சுற்றிக் கோரும் பெரும் பரப்புகளும் கேள்விக்கு உள்ளாகும். தீர்ப்பை மற்றவர்கள் உரக்க ஆதரிக்கத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சீனா என்ன பதில் சொன்னது? அதன் வாதத்தில் நியாயமே இல்லையா?

ஏற்கமாட்டோம், பங்கேற்கமாட்டோம், அங்கீகரிக்கமாட்டோம், நிறைவேற்றமாட்டோம். இந்த நான்கும்தான் அன்று முதல் இன்று வரை சீனாவின் பதில். தீர்ப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே, அந்நாட்டின் முன்னாள் மூத்த ராஜதந்திரி தாய் பிங்குவோ வாஷிங்டனில் பேசும்போது அதை வெறும் கழிவுக் காகிதம் என்றார்.

வாதத்தில் கொஞ்சம் பொருள் இருக்கிறது. கடல் எல்லை வரையறை, ராணுவ நடவடிக்கை ஆகியவற்றைக் கட்டாய விசாரணையிலிருந்து விலக்க உடன்படிக்கையே வழி விடுகிறது; 2006-இல் சீனா அந்த விலக்கைப் பதிவு செய்திருந்தது. இந்தத் தகராறின் வேர் நிலம் யாருடையது என்பதுதான், அதைத் தொடாமல் கடலைப் பற்றி எப்படித் தீர்ப்புச் சொல்வது என்றும் கேட்டது. அந்நியப் படைகள் தன் துறைமுகங்களைப் பங்குபோட்ட 19-ஆம் நூற்றாண்டின் காயம் அந்தச் சமூகத்தில் இன்னும் ஆறவில்லை என்பதும் உண்மை. இவற்றையெல்லாம் ஹேக் நகரில் போய்ச் சொல்லியிருக்கலாம். அதிகார வரம்பு இல்லை என்று வாதிடவே தனிக் கட்டம் ஒன்று இருந்தது. சொல்லப் போகாமல், வந்த முடிவு செல்லாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா?

இல்லை. 1984-இல் நிகரகுவாவின் துறைமுகங்களில் அமெரிக்க உளவுத் துறை கண்ணிவெடி மிதக்கவிட்டது. அந்தச் சின்ன நாடு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றத்துக்கு விசாரிக்க அதிகாரம் உண்டு என்று முடிவானதும், 1985 ஜனவரியில் அமெரிக்கா விசாரணையிலிருந்து வெளியேறியது. 1986 ஜூன் 27 அன்று தீர்ப்பு அமெரிக்காவுக்கு எதிராக வந்தது. நிறைவேற்றச் சொல்லிப் பாதுகாப்புக் கவுன்சிலில் வந்த தீர்மானத்தை அமெரிக்கா தன் வீட்டோவால் முறித்தது. சீனா 2016-இல் நடந்துகொண்டதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பாதை போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்.

2003-இல் பாதுகாப்புக் கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமல் இராக் மீது படையெடுத்ததும் தெரிந்ததே. பலரும் கவனிக்காத ஒன்று, கடல் சட்ட உடன்படிக்கையில் அமெரிக்கா இன்றுவரை உறுப்பினரே அல்ல. 1982-இல் ஆழ்கடல் கனிம விதிகள் பிடிக்கவில்லை என்று ரீகன் மறுத்தார். அந்த விதிகள் 1994-இல் அமெரிக்காவின் விருப்பத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. அதன் பிறகும் அமெரிக்க செனட் ஒப்புதல் தரவில்லை. 'சட்டத்தை மதியுங்கள்' என்று சீனாவைப் பார்த்து அமெரிக்கா சொல்லும்போது, அந்தச் சட்டத்தில் கையெழுத்திடாத நாடு சொல்கிறது என்று பெய்ஜிங் பதில் தருகிறது. அந்தப் பதிலுக்கு வாஷிங்டனிடம் மறுமொழி இல்லை.

ஸ்கார்பரோவில் சீனா இயற்கைக் காப்பகம் அறிவித்திருக்கிறதே, நல்லதுதானே?

2025 செப்டம்பரில் அறிவித்தது. பவளத்தைக் காப்பது நல்ல காரியம். ஆனால் அதே கடலில் பவளத் திட்டுகளின் மேல் மணலை வாரிக் கொட்டி, மூன்று கிலோமீட்டர் ஓடுபாதைகளோடு தளங்கள் கட்டிய அரசு அறிவிக்கும்போது நோக்கத்தைக் கேட்கத்தான் வேண்டும். காப்பகம் என்றால் காவல் வரும். காவல் வந்தால் மீனவர் வெளியே.

இந்த உத்தியும் புதிதல்ல. 2010-இல் பிரிட்டன் தன் பிடியில் இருந்த சாகோஸ் தீவுகளைச் சுற்றிப் பெரிய கடல் காப்பகம் அறிவித்தது. அந்தத் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் திரும்பிவர வழக்காடிக்கொண்டிருந்த நேரம் அது. மொரீஷியஸ் இதே கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் வழக்குப் போட்டது. காப்பக அறிவிப்பு சட்டவிரோதம் என்று 2015 மார்ச் 18 அன்று தீர்ப்பானது.

எல்லோரும் எப்போதும் மீறியவர்கள் என்றால், இப்போது புதிதாக என்ன கெட்டுவிட்டது?

'வல்லான் வகுத்ததே வாய்க்கால்' என்பது நம் பழமொழி. உலகம் எப்போதும் ஓரளவு அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டு மாற்றங்கள் எனக்கு உண்மையான கவலையைத் தருகின்றன.

முன்பு மீறியவர்கள் தாங்கள் மீறவில்லை என்று நிரூபிக்க மெனக்கெட்டார்கள். பொய்யாகவே இருந்தாலும், பொதுவான அளவுகோல் ஒன்று இருப்பதை அந்த மெனக்கெடல் ஒப்புக்கொண்டது. இன்று ஒருவரின் மீறல் மற்றவருக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. உக்ரைனிடமிருந்து பறித்த கிரிமியாவைப் பற்றிக் கேட்டால், செர்பியாவின் எதிர்ப்பை மீறி மேற்கு நாடுகள் தனி நாடாக ஏற்ற கொசோவோவை ரஷ்யா காட்டுகிறது. 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்டபோது, அதன் எல்லையை மதிப்போம் என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்திட்டன. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த 2022 பிப்ரவரி 24-க்குப் பிறகு இன்னொரு நாட்டிடம் 'ஆயுதத்தைக் கீழே வை, தாளில் எழுதித் தருகிறோம்' என்று யாரால் சொல்ல முடியும்?

இரண்டாவது, கட்டியவர்களே இடிக்கிறார்கள். உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு உறுப்பினர்களை நியமிக்கவிடாமல் அமெரிக்கா தடுத்ததால், 2019 டிசம்பரில் அது செயலிழந்தது. கீழ்நிலை விசாரணையில் தோற்றவர், இயங்காத மேல்மன்றத்துக்கு முறையீடு செய்து வழக்கைக் கிடப்பில் போட்டுவிடலாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் அதிகாரிகள் மீது தடை விதிக்க 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் உத்தரவிட்டார். ஏப்ரலில், ஆழ்கடல் கனிமங்களைப் பன்னாட்டு ஆணையத்தைச் சுற்றிக்கொண்டு தன் சட்டப்படியே எடுக்க வழி செய்யும் உத்தரவும் வந்தது. ஊர்க் கிணற்றுக்குக் காவல் என்று இருந்தவரே கயிற்றை அறுத்தால் தண்ணீர் எடுக்கக் காத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

கடலில் அன்றாடம் என்ன நடக்கிறது?

செகண்ட் தாமஸ் என்ற திட்டைப் பாருங்கள். பிலிப்பைன்ஸின் பலாவன் தீவிலிருந்து சுமார் 195 கிலோமீட்டர். 1999-இல் பிலிப்பைன்ஸ் தன் பழைய போர்க்கப்பல் சியரா மாட்ரேயை வேண்டுமென்றே அங்கே தரைதட்டவிட்டது. 1944-இல் அமெரிக்காவில் கட்டப்பட்டு, இரண்டாம் உலகப் போரையும் வியட்நாம் போரையும் பார்த்த கப்பல். இன்று துருவில் ஓட்டை விழுந்து சாய்ந்து கிடக்கிறது. உள்ளே சில கடற்படை வீரர்கள் முறைமாற்றி வாழ்கிறார்கள். பட்டியலில் அது இன்னும் பணியில் உள்ள போர்க்கப்பல். அதைத் தாக்கினால் 1951-இல் அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தம் உயிர் பெறும். ஒரு துருப்பிடித்த இரும்புக் கூடு ஒரு நாட்டின் எல்லைக் கல்லாக நிற்கிறது.

அவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகளைச் சீனக் கடலோரக் காவல் படை வழிமறிக்கிறது. 2024 மார்ச் 5 அன்று பீய்ச்சியடித்த தண்ணீரின் வேகத்தில் படகின் முன் கண்ணாடி நொறுங்கி நால்வர் காயமடைந்தார்கள். ஜூன் 17 அன்று சீன வீரர்கள் கத்தியும் கோடரியும் ஏந்தி ரப்பர் படகுகளைக் குத்திக் கிழித்தார்கள். மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் வீரர் கைப் பெருவிரலை இழந்தார். துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதால் இது போர் ஆகவில்லை. அந்த விளிம்பை அளந்து பார்த்து, அதற்கு ஓர் அங்குலம் இப்பால் நடத்தப்படும் வன்முறை இது. அடுத்த மாதமே, உணவுப் படகுகளை அனுமதிக்க இரு நாடுகளும் தற்காலிக ஏற்பாடு ஒன்றுக்கு வந்தன.

ஐ.நா. ஏன் தலையிடவில்லை?

சர்வதேச நீதிமன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்றக் கோரிப் பாதுகாப்புக் கவுன்சிலுக்காவது போகலாம். ஹேக் நடுவர் தீர்ப்பாயத்தின் முடிவுக்கு அந்த வழியும் இல்லை. இருந்தாலும் பயன் இல்லை. கவுன்சிலில் வீட்டோ உள்ள ஐவரில் சீனா ஒன்று.

பெரிய நாடு எதுவுமே தனக்கு எதிரான தீர்ப்பை ஏற்றதில்லையா?

ஏற்றிருக்கிறது, அதுவும் நம் வங்காள விரிகுடாவில். 2009-இல் வங்கதேசம் இந்தியா மீது இதே உடன்படிக்கையின் இதே பிரிவின் கீழ் வழக்குப் போட்டது. 2014 ஜூலை 7 அன்று தீர்ப்பு வந்தது. தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்குப் போனது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. புது மோடி அரசு பதவியேற்று ஆறு வாரமே ஆன நேரம். வங்கதேசத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய கடற்படை. கோபமான அறிக்கை விட்டிருக்கலாம், விடவில்லை.

அந்தக் குழுவில் இருந்த ஐவரில் மூவர் – வோல்ஃப்ரும், கோட், மென்சா – சீனாவின் வழக்கிலும் நடுவர்கள். அதே மனிதர்கள், அதே சட்டம். இந்த ஒப்பீட்டை ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. அதனால் இந்தியா ஏதும் இழந்து நொடித்துவிடவில்லை. எல்லை தெளிவானது, அவ்வளவுதான்.

ரஷ்யாவும் ஒரு முறை பாதி வழி வந்தது. 2013-இல் ஆர்க்டிக் கடலில் போராட்டம் நடத்திய கிரீன்பீஸ் கப்பலைச் சிறைபிடித்தது. நெதர்லாந்து தொடுத்த வழக்குக்கு வரவில்லை. தீர்ப்பை ஏற்கவில்லை என்றது. கடைசியில் 2019-இல் 27 லட்சம் யூரோ கொடுத்து முடித்துக்கொண்டது.

இந்தத் தீர்ப்பைப் பற்றி இந்தியா என்ன சொல்கிறது?

2016-இல் 'கவனத்தில் கொண்டோம்' என்ற அளவில் நின்றது. 2023 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸ் வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில்தான், தீர்ப்பைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற வாசகம் முதல் முறையாக வந்தது. இடையில் 2020-இல் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்ததை நினைவில் வைத்தால் மாற்றத்தின் காரணம் புரியும். 2022 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணை வாங்க பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் போட்டது. முதல் தொகுதி 2024 ஏப்ரலில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் உக்ரைன் மீதான படையெடுப்பைக் கண்டித்து 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச் சபையில் 141 நாடுகள் வாக்களித்தபோது இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆயுதத்துக்கும் உதிரிப் பாகத்துக்கும் ரஷ்யாவைச் சார்ந்திருக்கும் நெருக்கடி எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், வங்கதேசத் தீர்ப்பை ஏற்ற நாடு அன்று கையை உயர்த்தியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

நிறைவேறாத தீர்ப்பு ஏட்டுச் சுரைக்காய்தானே?

பிலிப்பைன்ஸ் அதிபராக இருந்த துதேர்த்தேயே 2021-இல் அப்படித்தான் சொன்னார்: வெறும் காகிதம், குப்பைக் கூடையில் எறியத் தகுந்தது என்று. எட்டே மாதத்துக்கு முன் ஐ.நா. பொதுச் சபையில் அதே தீர்ப்பு சர்வதேசச் சட்டத்தின் பகுதி, சமரசத்துக்கு அப்பாற்பட்டது என்று பேசியவரும் அவரே.

கறிக்கு உதவவில்லை என்பது ஓரளவு உண்மை. ஆனால் விதை முளைத்திருக்கிறது. ஒன்பது கோடுகளுக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2020 மே மாதம் இந்தோனேசியா ஐ.நா.வுக்கு எழுதிய கடிதத்தில் இந்தத் தீர்ப்பை நேரடியாக மேற்கோள் காட்டியது. இந்தோனேசியா அந்த வழக்கில் கட்சிக்காரரே அல்ல. மலேசியா, வியட்நாம் ஆகியவற்றின் வாதங்களும் இதன் தடத்தில் செல்கின்றன. முன்பு ஒவ்வொரு நாடும் தனித்தனியாகச் சீனாவோடு பேரம் பேசியது. இப்போது பேசத் தொடங்கும் இடமாகப் பொதுவான ஒரு தாள் இருக்கிறது.

அந்தத் தாளுக்காகப் பிலிப்பைன்ஸ் செலவழித்ததும் குறைவல்ல. சீனா தன் பங்குச் செலவைக் கட்ட மறுத்ததால், நடுவர்களுக்கான முழுத் தொகையையும் பிலிப்பைன்ஸே கட்டியது.

போர் வருமா?

2025 ஆகஸ்ட் 11 அன்று ஸ்கார்பரோ அருகே பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் கப்பலைத் துரத்திய சீனப் போர்க்கப்பலும் சீனக் கடலோரக் காவல் கப்பலும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. யாரும் திட்டமிட்ட மோதல் அல்ல அது. திட்டமிட்ட போரைவிட இப்படிப்பட்ட நிமிடத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். 2024-இல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ், தம் குடிமகன் ஒருவர் வேண்டுமென்றே கொல்லப்பட்டால் அது போர்ச் செயலுக்கு மிக நெருக்கமானது என்று சிங்கப்பூரில் பகிரங்கமாகச் சொன்னார்.

மீனவர்கள் இப்போது ஸ்கார்பரோவுக்குப் போக முடிகிறதா?

இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டியது.

தீர்ப்பு வந்து மூன்று மாதத்தில், 2016 அக்டோபரில், துதேர்த்தே பெய்ஜிங் போனார். தீர்ப்பை ஓரமாக வைத்துவிட்டு உறவைப் புதுப்பித்தார். அவர் திரும்பிய சில நாட்களில் ஸ்கார்பரோவைச் சுற்றி மீன்பிடிக்கப் பிலிப்பைன்ஸ் படகுகளை சீனா அனுமதித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வலை நிறைந்தது. சட்டம் தராததைச் சமரசம் தந்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள்.

காயலுக்குள் மட்டும் விடவில்லை. 2018-இல், படகில் ஏறிய சீனக் காவலர்கள் பிடித்த மீனில் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டதாக மீனவர்கள் தொலைக்காட்சியில் சொன்னார்கள்; காட்சியும் ஒளிபரப்பானது. கேட்டால் என்ன சொல்வது? உரிமையாகக் கிடைத்ததாக இருந்தால் முறையிடலாம். தயவாகக் கிடைத்தது என்றால் கொடுத்தவர் எடுத்துக்கொள்ளும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மணிலாவின் பேச்சு மாறியதும் கயிறுகளும் மிதவைகளும் கொண்டு காயலின் வாயை அடைத்தார்கள். 2023 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல் படையின் முக்குளிப்பவர் ஒருவர், சாதாரண மீனவர்போலப் படகில் போய், கத்தியால் அந்தத் தடுப்பின் கயிற்றை அறுத்தார். தடுப்பு பின்னர் திரும்பவும் கட்டப்பட்டது.

2019 ஜூன் 9 இரவு ரீட் திட்டு அருகே நங்கூரமிட்டிருந்த பிலிப்பைன்ஸ் மீன்பிடிப் படகு ஒன்றைச் சீனக் கப்பல் ஒன்று இடித்துவிட்டுப் போனது. 22 பேர் இருட்டில் கடலில் கிடந்தார்கள். அவர்களைத் தூக்கிக் காப்பாற்றியது ஒரு வியட்நாம் மீன்பிடிப் படகு. அந்தக் கடலில் பிலிப்பைன்ஸோடு வியட்நாமுக்கும் எல்லைத் தகராறு உண்டு. அந்த மீனவர்கள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

லூசோனின் மசின்லோக் கரையிலிருந்து இன்றும் படகுகள் கிளம்புகின்றன. காயலுக்குள் போக முடியாததால் திட்டுக்கு வெளியே ஆழ்கடலில் நிற்கின்றன. எரிபொருளை அரசுக் கப்பல்கள் கொண்டுவந்து தருகின்றன. புயல் அறிவிப்பு வந்தால் பக்கத்தில் ஒதுங்க இடம் இருந்தும், 220 கிலோமீட்டர் திரும்பி ஓடிவர வேண்டியிருக்கிறது.